எந்த வீட்டுக்கும் போகாத டாக்டரம்மா

வெல்ல மண்டிக்காரரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்யால் என் தங்கை செத்தாள்.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி வைத்திருப்பவர்கள் பலர் உண்டு. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வருகிற தை மாதம் உங்கள் தாயார் பெயரில் பிரசவ ஆஸ்பத்திரி திறக்கிறீர்கள். நோட்டீஸ் என் பட்டறைக்கும் வந்தது. பெண்களின் துயர் தீர்க்க நீங்கள் செய்யும் தர்மம் என்று அதில் போட்டிருக்கிறது. படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. நான் இரும்பு அடிக்கிறவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உங்களைப் பற்றி அல்ல. டாக்டரம்மாவைப் பற்றி.

ஜெர்மன்காரன் சண்டை வருவதற்கு முந்தைய வருஷங்கள். சேலத்தில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போவது கதியில்லாதவர்கள் செய்கிற காரியம் என்று பேச்சு. மற்றவர்களுக்கு மருத்துவச்சிதான். மருத்துவச்சி கைவிட்டுவிட்டால் டாக்டரை வீட்டுக்கு அழைக்க வேண்டும். ஆண் டாக்டரைப் பிரசவ அறைக்குள் விடமாட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிற பெண் டாக்டர் என்று எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். கறுப்பு. நல்ல உயரம். எப்போதும் வெள்ளைச் சேலை, கையில் தோல் பை. பக்கத்தில் வந்தால் கார்பாலிக் சோப்பு வாசனை அடிக்கும். ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆனதா, ஆகி அறுந்ததா, யாருக்கும் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. சொந்தமாக ஒரு குதிரை வண்டி வைத்திருந்தார். அதை ஓட்டியவர் ஒரு பாய். வயசானவர், வாயாடி. டாக்டரம்மா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

என் பட்டறை உங்கள் தெருமுனையில் இருந்தது. குதிரைக்கு லாடம் கட்டுவேன், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவேன். அந்தக் குதிரைக்கு நான்தான் லாடம் கட்டினேன். அப்படித்தான் டாக்டரம்மா எனக்குப் பழக்கம்.

அந்த வண்டியைக் கண்டால் ஊருக்கு ஆகாது. பாடை வண்டி என்றே பேர் வைத்திருந்தார்கள். அது எந்தத் தெருவுக்குள் நுழைந்ததோ அந்தத் தெருவில் பொழுது சாய்வதற்குள் ஒப்பாரி கேட்கும் என்றார்கள். பொய்யும் இல்லை. பல தடவை அப்படித்தான் நடந்தது. ஏன் நடந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. மருத்துவச்சி விளக்கெண்ணெய் கொடுத்து, வயிற்றை அமுக்கி, நேர்த்திக்கடன் முடிந்து, மந்திரித்த கயிறும் கட்டி, பெண்ணின் கைகால் சில்லிட்ட பிறகுதான் அவரைக் கூப்பிட ஆள் ஓடும். அவர் போவார். பெண் சாவாள். வாசலில் அவர் வண்டி நிற்பதைத் தெரு முழுக்கப் பார்க்கும். அதனால் அடுத்த வீட்டுக்காரன் இன்னும் தாமதமாகக் கூப்பிடுவான்.

பிழைத்த பெண்கள் இல்லையா என்றால் இருந்தார்கள். நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களைத் தெரு பார்க்கவில்லை.

அது எப்படி என்று எனக்குத் தெரியும். என் பட்டறையில்தான் அது நடந்தது. கொஞ்சம் புத்தியுள்ள, பெரிய வீட்டுக்காரர்கள் நேரத்தோடு கூப்பிடுவார்கள். ஆனால் அவருடைய வண்டியில் வரவிடமாட்டார்கள். ஆயுதம் போட்டுப் பிள்ளை எடுத்த வீடு என்று பேர் வந்துவிட்டால் அந்த வீட்டில் அடுத்து நிற்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்று பயம். வேதக்காரி தொட்டாள் என்பது இன்னொரு பயம். அதனால் டாக்டரம்மா தன் வண்டியை என் பட்டறையில் விட்டுவிடுவார்.

"ஆசாரி, சக்கரத்தைக் கழட்டி வை" என்பார்.

ஒரு சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாத்திவைப்பேன். பார்க்கிறவனுக்கு வண்டி பழுது, டாக்டரம்மா காத்திருக்கிறார். ஆனால் பட்டறையின் பின்பக்கம் கூப்பிட்ட வீட்டுக்காரரின் கூண்டு வண்டி திரை போட்டு நிற்கும். அதில் ஏறிப் போவார். அந்த வீட்டில் கேட்டால் பெரியம்மா வந்திருக்கிறார், சித்தி வந்திருக்கிறார் என்று சொல்லிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் அதே கூண்டு வண்டி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். நான் சக்கரத்தை மாட்டிக்கொடுப்பேன்.

"அந்தம்மா வண்டி எப்பப் பாரு ரிப்பேருதான். ஆசாரி, நீ போடற பட்டா அவ்வளவு லட்சணமா?" என்று மூட்டை தூக்குகிறவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வேன்.

எங்கே போய் வந்தார் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது. அதுதான் அவர். ஒரு தடவை சேலைக் கரையெல்லாம் ரத்தத்தோடு வந்து என் தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல், "என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"எங்கே?" என்றார்.

அவ்வளவுதான். பிறகு குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்தார்.

பாய் சிரித்தார். "நம்ம குதிரைக்கும் அம்மா பாடம் சொல்லி வெச்சிருக்காங்க ஆசாரி. எந்த ஊட்டு முன்னாடி நின்னோம்னு கேட்டுப் பாரு, அதுகூடச் சொல்லாது."

வண்டியில் போகும்போது அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கமாட்டார். குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவிலேயே பார்த்துக்கொண்டு போவார். திமிர் என்றார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். செவ்வாய்ச் சந்தையில் ஒருநாள் காய்கறிக் குவியல்களுக்கு நடுவே அவர் வந்துகொண்டிருந்தார். எதிரே கூடையோடு ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. அந்தப் பெண் டாக்டரம்மாவைக் கண்டதும் கால் நகராமல் நின்றாள். கும்பிடுவதா, ஓடுவதா என்று தெரியாத முகம். டாக்டரம்மா சட்டென்று திரும்பிக் குனிந்து கத்தரிக்காய் பொறுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் கடந்து போகிற வரைக்கும் ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றும் வாங்காமல் எழுந்தார்.

"பொறுக்குனதெல்லாம் எங்கம்மா?" என்று கடைக்காரி சண்டைக்கு வந்தாள்.

"நான் கத்தரிக்காய் தின்கிறதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தன் கையில் பிறந்த பிள்ளைகள் நடுவே அவர் இப்படித்தான் நடந்தார். ஒரு வீட்டுக்காரரும் பேர் வைக்கிற விசேஷத்துக்கு அவரை அழைத்ததில்லை. மத்தியானத்தில் என் பட்டறை நிழலில் நின்றுகொண்டே சாப்பிடுவார். பையிலிருந்து இரண்டு துண்டு ரொட்டி, சில நாள் ஒரு வேகவைத்த முட்டை. பாதி ரொட்டி குதிரைக்கு. "உட்காருங்கம்மா" என்று முக்காலியை எடுத்துப் போடுவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்பார். ஊரில் அவர் அதிகம் பேசியது அந்தக் குதிரையிடம்தான்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன், மண்டிக்காரரே.

நாமக்கல் பக்கத்திலிருந்து பெண் எடுத்தீர்கள். அந்த மருமகளுக்குத் தலைச்சன் பிரசவம். தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை. வழியில் ஆகாது என்று ஜோசியன் சொன்னதாகக் கேள்வி. பகல் வேளை, குதிரைக்கு லாடம் மாற்றிக்கொண்டிருந்தேன். நீங்களே உங்கள் கூண்டு வண்டியைப் பட்டறைக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். மேல் துண்டு இல்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏனுங்கம்மா, சித்த வாங்க. புள்ளைக்கு முடியலீங்க. நம்ம வண்டியிலயே ஏறிக்குங்க, உங்க வண்டி இங்கயே நிக்கட்டும்."

டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு ஏறினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"ஆசாரி, நீ ஒன்னையும் பாக்கல."

"நான் லாடத்தப் பாத்துட்டு இருக்கறனுங்க" என்றேன்.

பொழுது இறங்கும் நேரத்தில் அவர் திரும்பி வந்தார். கையைக் கழுவினார். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். சக்கரத்தை மாட்டச் சொன்னார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நல்லபடியாக முடிந்தது என்று நானே எடுத்துக்கொண்டேன்.

பேரனுக்குப் பேர் வைத்த அன்று தெரு முழுக்கப் பந்தல். மேளம். வீட்டுக்கு வீடு வெல்லமும் பொட்டுக்கடலையும் கொடுத்தீர்கள். என் பட்டறைக்கும் தட்டு வந்தது. பந்தலில் நீங்கள் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

"நம்ம ஊட்டுல டாக்டரு கீக்டருன்னு ஒருத்தரும் அடி வெச்சதில்லீங்க. மாரியாத்தா பாத்துக்கிட்டா. நம்ம பொம்பளைக அந்தக் காலத்துல பெக்கலியா?"

எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவின் வண்டி அந்தப் பக்கம் வந்தது. நான் தட்டை நீட்டினேன். எனக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

"என்ன விசேஷம், ஆசாரி?" என்றார்.

"மண்டிக்காரர் ஊட்டுல பேரனுக்குப் பேர் வெச்சாங்களாம்."

"அப்படியா? நல்லா இருக்கட்டும்" என்றார். ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மறு துண்டைக் குதிரைக்குக் கொடுத்தார்.

உங்கள் மண்டிக்குப் பின்னால் உங்கள் வரிசை வீடுகள். அதில் ஒன்றில் என் தங்கை பாவாயி வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளை வண்டி செய்கிற தச்சன். நீங்கள் குடிவைத்த வீடு, நீங்கள் கொடுக்கிற வேலை. உங்கள் வாய்ச்சொல்தான் அங்கே சட்டம். பாவாயிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியபோது டாக்டரம்மாவிடம் முன்னாலேயே காட்டிவிடலாம் என்று நான் போய்ச் சொன்னேன். அவள் மாமியார் சிரித்தாள்.

"மண்டிக்காரர் ஊட்டுலயே கூப்பிடல. நமக்கென்ன சாமி அப்படி ஒசத்தி?"

பாவாயி அடுப்படியிலிருந்து, "அண்ணனுக்கு எப்பவும் பயம்தான். தங்கச்சி புள்ளையும் லாடம் கட்டற வேலைன்னு நெனச்சுக்கிச்சு" என்றாள். அதுதான் அவள் என்னைப் பார்த்துச் சிரித்த கடைசிச் சிரிப்பு.

ஆடி மாதம். மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டு, தெருவெங்கும் வேப்பிலை கட்டியிருந்தார்கள். முந்தின நாளே பாவாயிக்கு வலி எடுத்துவிட்டது என்று எனக்குச் சொல்லவே இல்லை. மறுநாள் உச்சிப்பொழுதில் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தான். பிள்ளையின் கை மட்டும் வெளியே வந்திருக்கிறது என்று கையைக் காட்டி அழுதான். நான் அவனை அங்கேயே விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு ஓடினேன். டாக்டரம்மா சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு வண்டியில் ஏறினார். சக்கரம் கழற்றவும் கூண்டு வண்டி தேடவும் அன்று நேரம் இல்லை.

தெருமுனையில் குதிரையின் வாரைப் பிடித்து நிறுத்தியவர் நீங்கள்.

"பாய், வண்டியத் திருப்புங்க. கம்பம் நட்ட தெருவுக்குள்ள இந்த வண்டி வரக்கூடாது."

"ஒரு உசுரு கெடக்குதுங்க" என்றார் பாய்.

"இந்த வண்டி உள்ள வந்தா எத்தனை உசுரு போவுமோ."

கூட்டம் கூடிவிட்டது. வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசை விட்டுவிட்டு வந்தார்கள். நான் இறங்கி உங்கள் எதிரில் நின்றேன்.

"உங்க மருமகளுக்குப் பாத்தது யாருங்க? என்ற பட்டறையில இருந்துதானுங்களே நீங்களே கூட்டிக்கிட்டுப் போனீங்க. அத இங்க சொல்லுங்க."

உங்கள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நான் எதுக்குடா சொல்லோணும்? அவுங்களே உக்காந்திருக்காங்க. அவுங்களையே கேளு. எங்க ஊட்டுக்கு வந்தாங்களான்னு கேளு."

அவர் சொல்லமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். அவரிடம் இருந்த ஒரே நல்ல குணத்தை எடுத்து அவர் கழுத்திலேயே வைத்தீர்கள்.

நான் திரும்பினேன். "சொல்லுங்கம்மா. ஒரு வார்த்தை சொல்லுங்க. வழி உட்ருவாங்க."

தெரு முழுக்க அவர் வாயைப் பார்த்தது. அவர் உங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"அதைப் பேச நேரமில்லை. வழி விடுங்க, உள்ளே ஒரு பிள்ளை கிடக்கு" என்றார்.

"பாத்தீங்களா?" என்றீர்கள் கூட்டத்தைப் பார்த்து.

அவர் பையோடு இறங்கினார். செருப்பைக் கழற்றி வண்டியிலேயே போட்டார். வெயிலில் கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு நடந்தார். நடந்து போவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலில் மாமியார் கதவை மறித்துக்கொண்டாள். மண்டிக்காரர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றாள். நான் உங்களிடம் திரும்பி ஓடிவந்தேன். காலில் விழுந்தேன். நீங்கள் தராசுக்குப் போய்விட்டிருந்தீர்கள். எடைக்கல்லை எடுத்துவைத்துவிட்டு, "அவுங்கவுங்க இஷ்டம்" என்றீர்கள். அதையே உத்தரவு என்று சொல்லிக் கதவைத் திறக்க வைத்தேன்.

அவர் உள்ளே போனபோது பாவாயிக்கு மூச்சு இருந்தது. வெளியே வந்தபோது இல்லை. பிள்ளையும் இல்லை. என் முக்காலியில்கூட உட்காராதவர், வாசல் ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்தார். "காலையிலே வந்திருந்தா பிள்ளையைத் திருப்பியிருப்பேன். இப்பவும் கொஞ்சம் முன்னாடி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தெருமுனையில் யாரோ, "நான் சொல்லல? பாடை வண்டி" என்றார்கள். வண்டி தெருவுக்குள் வரவே இல்லை என்பதை யாரும் நினைக்கவில்லை.

சில நாள் கழித்து அவர் பட்டறைக்கு வந்து சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். பின்னால் ஏதோ ஒரு வீட்டுக் கூண்டு வண்டி நின்றது. நான் சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னம்மா?"

டாக்டரம்மா பையைக் கீழே வைத்தார். பாய் கீழே பார்த்துக்கொண்டு வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா உன் தங்கச்சிக்கு வழி கிடைச்சிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "அப்புறம் இந்த மாதிரி ஒரு வண்டியும் எனக்காக இங்கே வந்து நிக்காது. அந்த வண்டி வந்த வீட்டுலேயும் யாரோட தங்கச்சியோ இருக்கா. அதை நினைச்சுத்தான் வாயை மூடினேன். சரியாத்தான் செஞ்சேனான்னு எனக்குத் தெரியல, ஆசாரி. நீ என்னைத் திட்டணும்னா திட்டு."

நான் திட்டவில்லை. சக்கரத்தைக் கழற்றினேன். ஆனால் அவர் மேல் எனக்கு இருந்த கோபம் இன்றைக்கும் போகவில்லை. அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்கக்கூடாது. இரண்டும் எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் நினைக்கும்போது பாவாயி முகம்தான் வருகிறது.

ஜெர்மன்காரன் சண்டை நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. வீடு வீடாகப் போனவரின் வீட்டுக்கு வர ஆள் இல்லை. பாய் கஞ்சி வைத்துக்கொடுத்தார். நான் போனபோது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். "யாருக்காவது சொல்லியனுப்பட்டுங்களா?" என்று கேட்டேன்.

"யார் வீட்டுக்கு?" என்றார்.

அவரைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார், மணி அடிக்கிற கோயில்குட்டி, நான், பாய். இவ்வளவுதான் ஜனம். மண் தள்ளிவிட்டு வெளியே வந்தபோது ரோட்டோரப் புளிய மரங்களுக்கு அடியில் கூண்டு வண்டிகள் நிற்பதைப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக நிறைய. எல்லாவற்றிலும் திரை. உள்ளே வளையல் சத்தம் கேட்டது. ஒரு வண்டியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஒருத்தியும் இறங்கவில்லை.

கடைசியில் நின்ற வண்டி உங்களுடையது, மண்டிக்காரரே. அந்தச் சக்கரத்துக்குப் பட்டா போட்டவன் நான். எனக்குத் தெரியாதா. உங்கள் மருமகள் உங்களைக் கேட்டு வந்தாரா, கேட்காமல் வந்தாரா என்று தெரியாது. அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் அந்த அளவுக்காவது வந்தார்.

டாக்டரம்மா சொல்லாததை நான் இப்போது சொல்லிவிட்டேன். அது அந்தந்த வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டியது என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கும். எத்தனையோ வருஷம் உங்களுக்கு நேரம் கொடுத்தாயிற்று.

தை மாதம் உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் மேடை போடுவீர்கள். நோட்டீஸில் பார்த்தேன், உங்கள் பேரன்தான் வந்தவர்களுக்கு மாலை போடப் போகிறான். அன்று தெருவே அங்கே இருக்கும். அன்றைக்குத் தெருமுனையில் நின்ற அதே ஆட்களும் இருப்பார்கள். நான் முன்வரிசையில் வந்து நிற்பேன். அந்தப் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவன் யார் கையில் பிறந்தான் என்று மேடையிலேயே சொல்லுங்கள். "அவுங்களையே கேளு" என்று இந்தத் தடவை கைகாட்ட ஆள் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லுங்கள்.